ஊட்டிக்குப் போன மொழியியல்

1899-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட மானிடவியல் இதழ் ஒன்றில் ஏற்காட்டுக்கும் இடம் கிடைத்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அதில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிகளைப் பற்றி எழுதினார். இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்லும், தமிழே பேசும் மலைமக்கள். தர்ஸ்டன் நம்பியது அளவுகருவியை. மண்டையின் நீளம், மூக்கின் அகலம், ஆளின் உயரம் என்று அட்டவணை போடுவதுதான் அன்றைய அறிவியல். பேச்சுக்கு அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது.

ஏழு ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் நீலகிரியின் தோடர்களைப் பற்றி 700 பக்கங்களைத் தாண்டும் நூலை வெளியிட்டார். அப்போது தோடர்கள் மொத்தமே ஏறத்தாழ 800 பேர். அதற்குப் பிறகு நீலகிரிக்கு அறிஞர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி வேலை செய்த மொழியியலாளர் எமனோ, கோத்தர், தோடர், படகர் மொழிகளைக் காதால் கேட்டுக் கையால் எழுதினார். 1968-இல் ஜெரார் டிஃப்லோத் இருளர் மொழியைப் பற்றி அமெரிக்காவில் ஆய்வேடு கொடுத்தார். பிராகில் தமிழ் படித்து வளர்ந்த கமில் சுவலபில், 1973 முதல் அதே மொழிக்கு மூன்று தொகுதிகள் எழுதினார்.

இந்த உழைப்பைச் சாதாரணமாக எடைபோட முடியாது. ஆக்ஸ்போர்டின் தாமஸ் பரோவும் எமனோவும் சேர்ந்து 1961-இல் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டினால், தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே கோத்தர் சொல்லும் தோடர் சொல்லும் சமமாக உட்கார்ந்திருக்கும். எழுத்தே இல்லாத மொழி என்பதற்காக ஒன்றையும் அவர்கள் கீழே உட்கார வைக்கவில்லை. தமிழ்ப் புலவர் மரபு செய்யாத காரியம் இது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழைமொழித் துறைகள் கொடுத்த ஆகப் பெரிய கொடை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது. ஊட்டிக்கு வந்த இந்தக் கவனம் ஏற்காட்டுக்கு ஏன் அந்த அளவில் வரவில்லை? காப்பித் தோட்டங்களும் ஆங்கிலேயப் பள்ளிகளும் இங்கேயும் இருந்தன. பாதை இல்லாத காடும் அல்ல. காரணம் வேறு. தோடர் மொழி 'தனி மொழி'. சேர்வராயன் பேச்சு 'தமிழ்தானே'.

வெளிநாட்டுக் கீழைமொழித் துறைகள் பிறந்த விதத்திலேயே அந்தப் பார்வை இருக்கிறது. 1908-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் காலனிக் கல்விக்கழகம் தொடங்கியது; மறு ஆண்டே கார்ல் மைன்ஹோஃப் அங்கே ஆப்பிரிக்க மொழிகளுக்குப் பேராசிரியர் ஆனார். 1916-இல் லண்டனில் கீழைத்தேயவியல் பள்ளி நிறுவப்பட்டது. இரண்டுக்குமே ஆட்சி நடத்தப் போகிறவர்களுக்கு மொழி கற்றுத் தரும் வேலை இருந்தது. ஸ்புட்னிக் பறந்த மறு ஆண்டு, 1958-இல், அமெரிக்கா பாதுகாப்புக் கல்விச் சட்டம் போட்டு ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளுக்குப் பணத்தைக் கொட்டியது. நிர்வாகத்துக்கோ உளவுக்கோ வேண்டியது பெயர் உள்ள, எல்லை உள்ள, பாடநூல் போடத்தக்க மொழி. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1930-இல் அமைந்த மொழிக் குழு சான்சிபார்ப் பேச்சை அடிப்படையாக வைத்துச் சுவாகிலியைத் தரப்படுத்தியது. பழைய கவிதை மரபுள்ள மொம்பாசாப் பேச்சு ஒரே நாளில் வட்டார வழக்காகிவிட்டது.

பழியை எல்லாம் வெள்ளைக்காரர் தலையில் கட்டினால் நமக்கு வசதிதான். உள்ளூரில் என்ன நடந்தது? அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை உண்மையில் நல்ல வேலை செய்தது. கொல்லிமலைத் தமிழ் பற்றி கி. கருணாகரன் எழுதிய நூல் 1971-இல் வந்தது. நரிக்குறவர்களின் வாக்ரிபோலி மொழிக்கு அதற்கு முந்தைய ஆண்டே நூல் வந்துவிட்டது. அந்த நூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஒலியன், உருபன் என்று பகுத்துக் காட்டும் அவற்றை மொழியியலாளர் படிக்கலாம். மலைப்பள்ளி ஆசிரியருக்கு அவற்றால் பயனில்லை. தமிழ்த் துறைகளோ சங்க இலக்கியத்தையும் பக்தி இலக்கியத்தையும் விட்டு இறங்குவது அபூர்வம். இறங்கினால் நாட்டுப்புறப் பாடல் தொகுப்போடு நின்றுவிடுகிறது.

2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடியினர் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் மலையாளிகள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். சேர்வராயன், கொல்லி, கல்வராயன், சவ்வாது, பச்சைமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் பரவி வாழ்கிறார்கள். மாநில அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருப்பதோ நீலகிரியில், முத்தொரைப் பாலாடாவில். ரிவர்ஸ் போட்ட தடம் அவ்வளவு ஆழம்!

2017-இல் ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அதில் தவறில்லை. உலகின் பெரிய நூலகங்களில் தமிழ் இருக்க வேண்டும். ஹாம்பர்க்கும் புதுச்சேரியும் சேர்ந்து செய்த சுவடிப் பதிப்பு வேலைகளே அதற்குச் சாட்சி. உறுத்துவது, 'தமிழாய்வு' என்றதும் பணம் போகும் திசைதான். ஈராயிரம் ஆண்டுப் பழைய தமிழுக்குக் கிடைக்கும் மரியாதை, இன்று மலைமேல் பேசப்படும் தமிழுக்குக் கிடைப்பதில்லை. தொல்காப்பியத்தில் வரும் திசைச்சொல்லுக்கு உரை எழுதுகிறவர்களும் இன்றைய திசைச்சொல்லைத் தேடிப் பேருந்து ஏறுவது குறைவு.

பெரியார் பல்கலைக்கழகம் 1997 முதல் சேலத்தில், சேர்வராயன் மலைக்குக் கீழேயே இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. விசா வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். மலைக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்கு இறங்கி வரும் மாணவர்களே இப்போது இருக்கிறார்கள். எமனோவுக்குப் பல மாதங்கள் பிடித்த காது அவர்களுக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்களில் ஒருவர் தன் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்து, சொல்லடைவோடு தமிழிலேயே எழுதினால் அதை முனைவர் பட்ட ஆய்வேடாக ஏற்கும் துணிவு வேண்டும். அதன் சுருக்கத்தை மலைப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைநூலாக அச்சிடும் பணமும் வேண்டும். இரண்டில் துணிவுக்குத்தான் இப்போது தட்டுப்பாடு அதிகம்.