நனையாத குதிகால்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும்போது பேரருவிக் கரையில் நிற்பவர் காதில் ஒரு பேச்சு தவறாமல் விழும். தலையைத் துவட்டிக்கொண்டே, "செய்த பாவமெல்லாம் போயிற்று" என்பார் ஒருவர். "உன் பாவத்துக்கு இந்தத் தண்ணீர் போதுமா?" என்று சிரிப்பார் கூட வந்தவர். பொட்டல்புதூர் சென்று திரும்பும் வழியில் அருவிக்கு வரும் நம்மவர்களும் இந்தப் பேச்சில் கலந்துகொள்வதுண்டு. வேடிக்கைப் பேச்சுத்தான். ஆயினும், நீர் பாவத்தைக் கழுவும் என்ற எண்ணம் இம்மண்ணில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக இருப்பதை அது காட்டுகிறது. ஒளூச் செய்பவரின் உறுப்புகளிலிருந்து வடியும் நீரோடு அவருடைய பிழைகளும் வெளியேறுகின்றன என்ற நபிமொழியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். அது சிறு பிழைகளைப் பற்றியது என்று மார்க்க அறிஞர்கள் தந்த விளக்கத்தைத்தான் பெரியவர்கள்கூட மறந்துவிடுகிறோம்.

பாவம், நீர் ஆகிய இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு நளன் கதை நினைவுக்கு வரும். அதைத் தமிழில் 'நைடதம்' என்று பாடியவர் குற்றாலத்துக்கு அடுத்த தென்காசியிலிருந்து ஆண்ட பாண்டியர். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதிவீரராம பாண்டியரே அவர். புலவர்களுக்கு மருந்து என்று பெயரெடுத்த நூல் அது. சொல்லழகில் அதற்கு ஈடு காண்பது அரிது என்பதை நானும் ஒப்புவேன். நான் இங்கு எடுத்துக்கொள்வது சொல்லழகை அன்று, கதையின் உள்ளே இருக்கும் ஒரு கேள்வியை.

நளனைப் பற்றிக்கொள்ளக் கலி நெடுங்காலம் காத்திருக்கிறான். ஒருநாள் வழிபாட்டுக்கு முன் கால் கழுவும்போது நளனின் அடியில் ஓரிடம் நனையாமல் போகிறது. அந்த இடைவெளி கலிக்குப் போதுமானதாகிறது. அதன்பின் நளன் சூதாடுகிறான், நாட்டை இழக்கிறான், நள்ளிரவில் கானகத்தில் உறங்கும் மனைவியைக் கைவிட்டுப் போகிறான். இவற்றுக்கெல்லாம் குற்றவாளி யார்? புகழேந்திப் புலவர் தம் நளவெண்பாவின் இரண்டு காண்டங்களுக்குக் கலி தொடர்ந்தது, கலி நீங்கியது என்ற பொருளிலேயே பெயர் சூட்டினார். வடமொழிப் பாரதத்தில் நளனே மனைவியிடம், நாட்டை இழந்ததும் உன்னைப் பிரிந்ததும் என் செயலல்ல, கலியின் செயல் என்று சொல்லிவிடுகிறான். பெரும் துன்பத்தை அனுபவித்தவன்தான். விளைவை முழுவதும் சுமந்தவன்தான். ஆனால் பொறுப்பு என்னும் சொல் வரும் இடத்தில் மட்டும் வேறொருவனைச் சுட்டுகிறான்.

நனையாத குதிகாலைப் பற்றி நமக்கும் கடுமையான எச்சரிக்கை உண்டு. ஒளூவில் குதிகாலை விட்டுவிடுவோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நரகத்தைச் சொல்லி எச்சரித்தார்கள். ஆனால் அந்த உலர்ந்த இடத்தின் வழியாக எவனும் உள்ளே நுழைந்து நம்மை ஆட்டிவைப்பதாக அவர்கள் சொல்லவில்லை. திரும்பச் சென்று கழுவ வேண்டியவர் நாம்தாம்.

திருமறையின் அஃராஃப் அத்தியாயத்தை இலக்கியக் கண்ணோடு ஓதுவோருக்கு ஒன்று புலப்படும். ஒரே அத்தியாயத்தில் இருவர் பிழை செய்கின்றனர். இப்லீஸ், தன்னை வழிகெடுத்தவன் என்று இறைவன் மீதே பழி போடுகிறான். ஆதமும் ஹவ்வாவும், ஷைத்தான் ஏமாற்றினான் என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தும், எங்களுக்கு நாங்களே தீங்கிழைத்துக்கொண்டோம் என்று முறையிடுகிறார்கள். இருவரையும் பிரிப்பது பிழையின் அளவு மட்டுமா? பிழைக்குப் பின் வாயிலிருந்து வந்த வாக்கியமுந்தான் என்று எண்ணுகிறேன். இப்ராஹீம் அத்தியாயத்தில் மறுமை நாளின் காட்சி வருகிறது. அங்கே ஷைத்தான், நான் அழைத்தேன், அவ்வளவுதான், என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பேசி ஒதுங்கிக்கொள்கிறான். கலிக்கும் ஷைத்தானுக்கும் உள்ள வேறுபாடு இது. ஆனால் நம் வீடுகளில், "ஷைத்தான் கெடுத்துவிட்டான்", "நஸீபு அப்படி" என்று சொல்லும்போது நாம் பேசுவது நளனின் மொழியை.

இதைச் சமயத்துக்குச் சமயம் வைத்து எடைபோடும் பேச்சாக எவரும் கொள்ள வேண்டா. அதிவீரராமரின் குலப்பெயர் தாங்கிய முன்னோனாக இளங்கோவடிகள் காட்டும் மதுரைப் பாண்டியன், பொய் சொன்ன பொற்கொல்லனைச் சுட்டித் தப்பியிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. தானே கள்வன் என்று ஏற்றுக்கொண்டு உயிர் விடுகிறான். தமிழில் குற்ற உணர்வுக்கு அதனினும் உயர்ந்த காட்சி இல்லை. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அரசன் இறந்ததனால் கண்ணகிக்குக் கிடைத்தது என்ன? அவளுடைய வழக்கு தீரவில்லை, மதுரை எரிகிறது.

இனி, அதே தென்காசியில் பிறந்த மற்றொரு பாவலரிடம் வருவோம். 17ஆம் நூற்றாண்டினர் என்று ஆய்வாளர் பலர் கருதும் மெய்ஞ்ஞானி பீர் முகம்மது அப்பா அவர்கள், பீர்மேட்டில் தவமிருந்து, தக்கலையில் தறி நெய்து வாழ்ந்ததாக வழிவழிச் செய்தி. 'ஈடேற்ற மாலை' என்றும் 'ரோசு மீசாக்கு மாலை' என்றும் அவர்கள் தம் நூல்களுக்குப் பெயரிட்டதே ஒரு சிந்தனை. மீசாக்கு என்பது உடன்படிக்கை. ஆன்மாக்கள் தம் இறைவனை ஒப்புக்கொண்ட ஆதி நாளின் நினைவு அப்பெயரில் இருக்கிறது. பிறவிப் பாவம் என்ற கொள்கை இஸ்லாத்தில் இல்லை. பிறவி வாக்குறுதி இருக்கிறது. கொடுத்த வாக்கை மறந்தவன் நினைவு திரும்பும்போது அடையும் நாணமே நம் ஞானப் பாடல்களின் குற்ற உணர்வு என்பது என் துணிபு.

அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சி தக்கலையில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் இரவு முழுவதும் கூட்டமாகப் பாடப்படுகிறது. இறைவனிடம் இரந்து நிற்கும் பாடல்கள் அவை. அவற்றில் வரும் 'நான்' யார்? ஞானியின் பணிவு என்று சொல்லி நம்மில் பலர் கடந்துவிடுகிறோம். ஞானிக்குப் பாவம் ஏது என்ற மரியாதையில், பாடுகிற நாமும் தப்பிவிடுகிறோம்! நூறு பேர் சேர்ந்து 'நான்' என்று பாடும்போது அது நூறு பேருடைய வாக்குமூலமாகத்தானே இருக்க வேண்டும்? பறக்கத்துக்காகப் பாடுவதை நான் குறை கூறவில்லை. பொருளை ஞானியிடம் விட்டுவிட்டு ஓசையை மட்டும் நாம் எடுத்துக்கொள்வது நியாயமா என்றுதான் கேட்கிறேன்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் தௌபாவுக்கு விதிக்கும் நிபந்தனைகள் நாம் அறிந்தவை. பாவத்தை விடுவது, வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்வது ஆகிய மூன்றும் போதும், பாவம் இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டதாக இருந்தால். பிற மனிதரின் ஹக்கு சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக ஒன்று சேர்கிறது: அதை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். ஒரு திறனாய்வாளனாக எனக்கு இந்த நான்காவது நிபந்தனையே வியப்பளிக்கிறது. முதல் மூன்றையும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நிறைவேற்றலாம். நான்காவதற்கு இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கதை பிறப்பது அந்தக் கதவடியில்தான்.

டால்ஸ்டாய் 1899இல் வெளியிட்ட 'புத்துயிர்ப்பு' நாவல் அந்தக் கதவடியில் எழுதப்பட்டது. தன்னால் கெடுக்கப்பட்ட பெண் குற்றவாளிக் கூண்டில் நிற்பதைக் கண்ட பிரபு, அவளைப் பின்தொடர்ந்து சைபீரியா வரை போகிறான். மணக்க முன்வந்தும் அவள் ஏற்கவில்லை. ஹக்கு அவளுடையது, மறுக்கும் உரிமையும் அவளுடையது. நம்மிடம்? தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் 'சாய்வு நாற்காலி' (1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது) பரம்பரைச் சொத்தை விற்றுத் தின்னும் ஒருவனை அசையாமல் அமர்த்திக் காட்டுகிறது. விளைவு உண்டு, வருத்தம் இல்லை. அது அக்கதையின் குறையன்று. அது வரைய வந்த மனிதன் அப்படி. வருந்தி எழுந்து நடந்தவனை இனி யாரேனும் வரைய வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வீடு வீடாகச் சென்று பொருத்தம் கேட்பது வழக்கம். என் சிறு வயதில், உறவினரான பெரியவர் ஒருவர் அப்படித் தம் தங்கை வீட்டுக்கு வந்தபோது நான் திண்ணையில் இருந்தேன். தகப்பனார் சொத்தில் ஷரீஅத் அந்த அம்மையாருக்கு அளித்த பங்கை, ஒரு கையெழுத்தில் அவர் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டது ஊரறிந்த செய்தி. வயலைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. "தெரிந்தும் தெரியாமலும் ஏதேனும் செய்திருந்தால் பொருந்திக்கொள், தங்கச்சி" என்றார். "பொருந்திக்கிட்டேன், காக்கா" என்றார் அம்மையார். இருவரும் அழுதார்கள். பெரியவர் ஹஜ் செய்து திரும்பினார். வயல் அவரிடமே இருந்தது.

அந்த 'பொருந்திக்கிட்டேன்' என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்று எழுதிய தமிழ்க் கதை ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை.