அரிக்கமேட்டு ஓடும் வகுப்பறைக் கோட்பாடும்

தொல்லியல் முதுகலை மாணவர்களில் பலர் கோட்பாட்டுத் தாளைக் கடனே என்று படித்துத் தேறுகிறார்கள். மண்ணடுக்கைப் பிரிக்கத் தெரிந்தால் போதும், கிடைத்த பொருள் தானே உண்மையைச் சொல்லிவிடும் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அரிக்கமேட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் ஆம்போராச் சாடியின் துண்டைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளில் மது ஏற்றி அனுப்பப் பயன்பட்ட சாடி அது. கிடைத்த இடம் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. தென்னிந்தியாவின் பழம்பொருள்களுக்கு அன்று உறுதியான காலக்கணக்கு கிடையாது. காலம் தெரிந்த ரோமானியப் பொருளும் உள்ளூர்ப் பானை ஓடும் ஒரே அடுக்கில் கிடைத்தால், ஓட்டுக்கும் காலம் சொல்லலாம். அப்படிக் கிடைக்குமா என்ற கேள்வியோடுதான் 1945இல் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலியில் செய்த அரிட்டைன் கலங்களின் துண்டுகள் அகப்பட்டன. கேள்வியை முன்கூட்டியே வகுத்து, அதற்கு விடை தரக்கூடிய மேட்டைத் தேர்ந்தது வீலரின் பெரிய சாதனை. கோட்பாடு செய்யும் நன்மைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கோளாறும் அதே குழியில்தான் இருந்தது. ரௌலட்டட் எனப்படும் தட்டுகளின் ஓடுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிற நுண்களிமண், வழவழப்பான மேற்பரப்பு, உள்ளே வளைந்த விளிம்பு, தட்டின் உட்புறத்தில் நடுவைச் சுற்றி வட்டவட்டமாக ஊசிமுனை அளவுக் குழிவுகள். இந்தத் தொழில்நுட்பம் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தது என்று வீலர் கொண்டார். நேர்த்தியானவை மேற்கிலிருந்து கிழக்கே பரவின என்ற நினைப்பு அவர் தலைமுறைக்குக் காற்றுப்போல, இருப்பதே தெரியாது. விளைவு அரிக்கமேட்டோடு நிற்கவில்லை. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் பெருங்கற்கால அடுக்குகளுக்குக் காலம் குறிக்கவும் இந்த ஓடுகளே அளவுகோல் ஆயின. தென்னிந்தியப் பெருங்கற்காலம் மிகப் பிந்தியதாகக் கணிக்கப்பட்டதில் அதற்குப் பங்குண்டு.

இதைத் திருத்தியது எது? கோட்பாட்டு நூல் அன்று. தொல்லியலாளர் விமலா பெக்லி பழைய ஓடுகளையும் அடுக்குக் குறிப்புகளையும் பொறுமையாக மீண்டும் படித்தார். 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மறுபடி அகழ்ந்தார். ரோமானியக் கலங்கள் வருவதற்கு முன்பே ரௌலட்டட் தட்டுகள் புழங்கத் தொடங்கிவிட்டன என்று வாதிட்டார். களிமண்ணின் கூறுகளைச் சோதித்தவர்கள் அவை இந்திய மண்ணில் வனைந்தவை என்றார்கள். கோட்பாடு சந்தேகத்தை எழுப்பும். தீர்ப்பது ஓடும் மண்ணும்தான்.

நம் வகுப்பறைகளில் கோட்பாடும் மண்ணும் சந்திப்பதே இல்லை என்பது என் மனக்குறை. தொல்லியல் கோட்பாட்டாளர்களான லூயிஸ் பின்ஃபோர்டு 1962இல் என்ன சொன்னார், ஹாடர் அதை எப்படி மறுத்தார் என்பதெல்லாம் தேர்வு விடையாக மனப்பாடம் ஆகின்றன. அலாஸ்காவின் நுனமியூட் வேட்டைக்காரர்களிடையே பின்ஃபோர்டு தங்கியது, எலும்புக் குப்பை எப்படி உருவாகிறது என்று கண்ணால் காணத்தான். அந்தப் பாடத்தை ஒரு குயவர் தெருவிலோ கைவிடப்பட்ட வீட்டிலோ நம் மாணவர்கள் செய்து பார்க்கலாம். அதைச் செய்யாமல் கலைச்சொற்களை மட்டும் கற்றவர், மெலிந்த சான்றையும் கனத்த சொற்களால் மூடக் கற்றுக்கொள்கிறார். வெட்டுமுகத்தை ஒழுங்காக வரையத் தெரியாமல் பின்ஃபோர்டின் செயல்முறைவாதம் பேசுவதால் ஒரு பயனும் இல்லை.

வீலரைச் சந்தேகிப்பது இன்று எளிது. நமக்கு உவப்பான முடிவையும் அதே கண்ணால் பார்ப்பதுதான் கடினம். கீழடி அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரி கி.மு. 580 என்று காலம் காட்டியது. கரிமக் கணிப்பு காலம் சொல்வது அந்தக் கரிக்கு. அங்கே கிடைத்த, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துள்ள பானை ஓட்டுக்கு அன்று. அந்தக் காலத்தை ஓட்டுக்கும் கொடுக்க, இரண்டும் ஒரே வேளையில் மண்ணுக்குள் போயின என்று காட்ட வேண்டும். எலிவளையோ பிற்காலக் குழியோ அந்த அடுக்கைக் கலைக்கவில்லை என்று குறிப்பேட்டில் பதிந்திருக்க வேண்டும். இதைக் கேட்கிற மாணவர் தமிழின் தொன்மைக்கு எதிரானவர் அல்லர். அந்தக் கேள்விக்கு ஈடுகொடுத்து நிற்கும் தேதியைத்தான் உலகம் ஏற்கும்.