பலியா, கொலையா? ஆய்வுக்கூட எலிகளைப் பற்றிய விதிகள்: ஒரு திறனாய்வு

பண்ருட்டியிலிருந்து நெய்வேலியைக் கடந்து தெற்கே செல்லும் சாலை வடலூரை அடைகிறது. 1867-இல் இராமலிங்க அடிகள் அங்கே தருமசாலையைத் தொடங்கி, உயிர்களுக்கு இரங்குதலையே சமய வாழ்வின் வாயிலாகக் காட்டினார். அதே மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், எலிகளைக் கொண்டு மருத்துவ ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. இத்தகைய ஆய்வுக்கூடங்களில் நம் சபைகளின் பிள்ளைகளும் பயில்கின்றனர். ஆய்வின் இறுதியில் எலியைக் கொல்லும் பொறுப்பு அவர்களைச் சேர்கிறது. ஆதலால் அச்செயலை நெறிப்படுத்தும் விதிகளை ஆயர்களும் இறையியல் மாணவரும் கூர்ந்து நோக்குதல் தகும்.

மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனி மசோதாவின் தூண்டுதலால் பிறந்தது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். மயக்கநிலையில் நடத்தப்படும் ஆய்வில், பிழைத்தால் கடுந்துன்பமே எஞ்சும் அளவுக்குக் காயமுற்ற விலங்கை, உணர்வு திரும்புமுன்னரே கொன்றுவிட வேண்டும் என அதன் 17-ஆம் பிரிவு விதிக்கிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த குழு வெளியிட்ட நெறிகளோ இன்னும் ஒருபடி மேற்செல்கின்றன. சாவு விரைவாகவும், நோவும் அச்சமும் இன்றியும் நேரவேண்டும். கொல்பவரின் மனத்தையும் அது இயன்றவரை வருத்தாதிருக்க வேண்டும் என்பன அவற்றின் கருத்து. இவை போற்றத்தக்கன.

எனினும் இரு குறைகளைச் சுட்டாமலிருக்க இயலாது.

முதலாவது, சிறிய உயிருக்குச் சிறிய இரக்கம் என்னும் எண்ணம். சிறு விலங்குகள் போதுமாயின் பெரியவற்றைத் தவிர்க்கும்படி சட்டம் கூறுகிறது. அச்சிறு விலங்குகளுள் எலியைப் பெயரிட்டே குறிக்கிறது. குழுவின் நெறிகளில், கொல்லுமுன் அமைதியூட்டும் மருந்து பெறவேண்டியவையாகக் குரங்கு, நாய், பூனை போன்ற பெரிய விலங்குகளே சொல்லப்படுகின்றன. எலியின் நோவு அளவிற் சிறியதா? எலிகளைக் கொல்லப் பெரிதும் பயன்படும் கரியமில வாயுவையே எடுத்துக்கொள்வோம். அது திடீரெனச் செறிந்தால் மூக்கின் ஈரத்தில் அமிலமாகி எரிக்கும். எனவே நிமிடத்திற்குக் கூண்டின் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு என்ற அளவில் செலுத்துமாறு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு நெறிகள் பணிக்கின்றன. மெல்லச் செலுத்தினும் எலிகள் அவ்வாயுவினின்று விலகவே முயலும். பிறந்த எலிக்குஞ்சு இறக்க 50 நிமிடம் வரையும் ஆகலாம். பொறுமையற்ற கை, இறவாத குஞ்சை இறந்ததென எறிந்துவிடக் கூடும்.

இரண்டாவது குறை சொற்களில் உள்ளது. ஆய்வுக் கட்டுரைகள் எலிகள் 'பலியிடப்பட்டன' என எழுதுவது வழக்கம். குழுவின் நெறிகளும் அச்சொல்லை விட்டபாடில்லை. லேவியராகமத்தின் தகனபலியில் பலி செலுத்துபவன் விலங்கின் தலைமேல் தன் கையை வைத்தான். அது தனக்காகச் சாவதை மறைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையின் 'பலியிடப்பட்டன' என்பதிலோ செய்தவன் யார் என்பதே இல்லை. 'கருணைக்கொலை' என்பதும் முற்றும் பொருந்தாது. மீளாத் துன்பத்தில் உழலும் விலங்கிற்கு அது கருணையே. ஆனால் நலமாயிருக்கும் எலி கொல்லப்படுவது அதன் நன்மைக்காக அன்று. அதன் ஈரல் நமக்கு வேண்டியிருப்பதால். 'நோவின்றிக் கொன்றோம்' என்பதே உண்மையான கூற்று.

இதனால் ஆய்வே பாவம் என்பது நம் முடிவன்று. எலிகளின் உயிரால் விளைந்த மருந்துகளை உண்டு நாமும் பிழைத்திருக்கிறோம். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று கடமைகளை வகுத்தனர்: விலங்கிற்கு மாற்றுத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். மனங்கலங்கி நம்மிடம் வரும் மாணவனிடம், "எலிதானே" என்று சொல்லி அனுப்புவது ஆயர் பணியாகாது. இந்த எலி தேவைதானா, இத்தனை தேவையா, கொல்லும் முறையைக் கைதேர்ந்தவரிடம் கற்றாயா என வினவுவோம். அவன் கலக்கம் பலவீனமன்று. நீதிமான் தன் விலங்கின் உயிரைப் பேணுவான் என்னும் நீதிமொழிகளின் போதனை அவனுள் இன்னும் உயிரோடிருப்பதற்கு அடையாளம்.