ஓட்டைக் கை மண்

வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் பள்ளத்தாக்கில் மண்வெட்டியைப் போட்டால் 'ணங்' என்றுதான் சத்தம் வரும். மேலே கொஞ்சம் கருமண். காற்று கொண்டுவந்த வண்டலும் எரிமலைச் சாம்பலும் கலந்தது. அதற்குக் கீழே கூழாங்கல், கூழாங்கல், கூழாங்கல்! பனியுகக் கடைசியில் மிசௌலா என்ற ஏரியின் பனியணை திரும்பத் திரும்ப உடைய, வெள்ளம் உருட்டிவந்தவை. மூலை மழுங்கி, முட்டை போல. ஆண்டுக்கு 40 சென்டிமீட்டர் சொச்சம் மழை, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். விழுந்த நீர், வேர் வாய் திறப்பதற்குள் இறங்கிவிடும். விவசாயி திட்டாமல் இருப்பாரா? எனக்கென்னவோ இந்த ஓட்டைக் கை மண்மேல் பிரியம். அது நழுவவிட்டது, ஆறும் ஏரிகளும் கசியவிட்ட நீரோடு அடியில் சேர்கிறது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். மேலே சிந்தும் அழுக்குக்கும் அதே வேகவழிதான்.