பக்கத்து வீட்டுக் கொப்பு

கொச்சியிலிருந்து தொண்டி வரை போகும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அடிமாலியைத் தாண்டிப் பள்ளிவாசல் வழியாக மூணாறுக்கு ஏறுகிறது. அங்கிருந்து தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு என்று வளைந்து இறங்கி, தேனி வழியாக மதுரையைத் தொடுகிறது. மூணாறைச் சுற்றிய சாலையோர நர்சரிகளில் கார்கள் நிற்பதை எந்த விடுமுறை நாளிலும் பார்க்கலாம். ஹைட்ரேஞ்சா, ஃபுக்ஷியா, பெகோனியா, ஜெரேனியம் எல்லாம் பூத்த நிலையிலேயே பையில் இருக்கும். வாங்குபவர்கள் பெரும்பாலும் தோட்டம் இல்லாதவர்கள். மதுரையிலோ கோவையிலோ சென்னையிலோ அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்கு இருக்கும் மண் என்பது ஆறடிக்கு மூன்றடி பால்கனி. செடி பூத்திருக்கிறது, விலை அதிகமில்லை, மடியில் வைத்துக்கொண்டே போய்விடலாம். பால்கனிக்கான செடித் தேர்வு இங்கே முடிந்துவிடுகிறது.

அப்படிப் போகும் ஒரு ஹைட்ரேஞ்சாவை மட்டும் தொடர்ந்து பார்ப்போம். பள்ளிவாசல் மண் தேயிலைக்கு உகந்த புளிப்பு மண். புளிப்பு மண்ணில் இருக்கும் அலுமினியத்தை ஹைட்ரேஞ்சா எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அங்கே பூ நீலமாக இருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய இலைகள். பனிமூட்டமும் சாரலும் உள்ள காற்றில் அந்த இலைக்கு எந்தக் குறையும் இல்லை. மதுரையில், மேற்குப் பார்த்த பால்கனியில், ஏப்ரல் மாத வெயிலில் அதே இலை வேர் அனுப்பும் தண்ணீரைவிட அதிகமாக ஆவியாக விடுகிறது. மண் ஈரமாகவே இருக்கும், ஆனாலும் பகல் 12 மணிக்கு இலை தொங்கிவிடும். மாலையில் நிமிரும். வீட்டுக்காரர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். வேர் அழுகத் தொடங்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைப் போக்க, இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச்சத்தை எடுக்க முடியாததன் அடையாளம் அது. செடி எப்படியோ பிழைத்து அடுத்த ஆண்டு பூத்தாலும் நீலம் போய் இளஞ்சிவப்பு வந்திருக்கும். இதில் யார் கவனிப்பிலும் குறை இல்லை. குறை தேர்வில் இருக்கிறது.

தவறு ஒரு திசையில் மட்டும் நடப்பதில்லை. திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களும், இப்போது மலையில் வாடகை வீட்டிலும் குவார்ட்டர்ஸிலும் இருப்பவர்களும் ஊருக்குப் போய்வரும்போது குண்டுமல்லி, கறிவேப்பிலை, துளசி நாற்றுகளைக் கொண்டுவருகிறார்கள். குண்டுமல்லி சமவெளி வெயிலுக்கு உரியது. குளிரிலும் மூட்டத்திலும் இலை விடும், மொட்டு அரிது. கறிவேப்பிலை குளிர் மாதங்களில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு நிற்கும். துளசி மழைக்காலத்தில் தண்டு கறுத்துப் போகும். "நம்ம ஊர்ச் செடி எங்கே வைத்தாலும் வரும்" என்ற நம்பிக்கையைப் பள்ளிவாசல் தாங்காது. நாட்டுச் செடி, அந்நியச் செடி என்ற பிரிவினை பால்கனியில் அவ்வளவு உதவாது. அந்த இடத்தின் வெளிச்சம், மழை, காற்று மூன்றும்தான் தீர்ப்புச் சொல்கின்றன.

கண்ணுக்குப் பிடித்ததை வாங்கும் பழக்கத்தை நான் முழுதாக ஒதுக்கமாட்டேன். பிடித்த செடிக்குத்தான் மனிதர்கள் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், இலையைத் திருப்பிப் பூச்சி பார்க்கிறார்கள். தொட்டி வாழ்க்கையில் செடிக்கு வேறு ஆதரவே கிடையாது. ஆகவே ஆசை என்பது தேர்வில் ஒரு நியாயமான அளவுகோல். அது ஒன்றே அளவுகோலாகிவிடும்போதுதான் கெடுகிறது.

இதற்கு மாற்றாக வந்தவை பட்டியல்கள். வார இதழ்களிலும் காணொளிகளிலும் 'பால்கனிக்கு ஏற்ற 10 செடிகள்' என்று வருபவை. இவை பலருக்கு முதல் தொட்டியை வைக்கும் தைரியத்தைத் தந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசுகளும் இதே வழியில் வந்தன. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்கான 'நீங்களே செய்து பாருங்கள்' தொகுப்பை மானிய விலையில் கொடுத்தது. கேரளத்தில் குரோபேக் விநியோகமும் 'ஓணத்தினு ஒரு முறம் பச்சக்கறி' திட்டமும் வீட்டுக் காய்கறியை ஓர் இயக்கமாகவே ஆக்கின. மண் தொடாத கைகள் மண் தொட்டது இவற்றால்தான். ஆனால் வெண்டை, கத்தரி, பயறு, மிளகாய், கீரைத்தண்டு என்று போகும் வழக்கமான வரிசை சமவெளி வெயிலை மனத்தில் வைத்தது. மலையில் வெண்டை முழங்கால் உயரத்தில் நின்றுவிடும்.

பட்டியல்களின் பெரிய குறை அவை காட்டும் காரணங்களில் இருக்கிறது. 'காற்றைச் சுத்தப்படுத்தும் செடி' என்று பாம்புக் கற்றாழையும் மணிபிளான்டும் அரேகா பனையும் விற்கப்படுகின்றன. இந்தப் பேச்சின் வேர், 1989இல் நாசாவுக்காக வோல்வர்ட்டன் குழு செய்த ஆய்வு. காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்து அளந்தார்கள். 2019இல் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். ஒரு கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவை என்று வந்தது. திறந்த பால்கனிக்கு இந்த வாதம் கொஞ்சமும் பொருந்தாது. பாம்புக் கற்றாழை நல்ல செடி. வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்பதே அதை வாங்கப் போதுமான காரணம்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மேலைநாட்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்த அறிவுரை இங்கேதான் அதிகம் தடுமாறுகிறது. 'தெற்குப் பால்கனி உத்தமம், வடக்கு இருட்டு' என்று அவை சொல்லும். லண்டனுக்கு அது சரி. பள்ளிவாசல் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூனில் தலைக்கு மேல் 13 பாகை மட்டுமே வடக்கே சாய்வு. அவ்வளவு செங்குத்தான வெயில் மேல்தளத்தின் கூரையில் பட்டு நின்றுவிடும், தொட்டிக்கு வராது. டிசம்பரில் அது தெற்கே 33 பாகை சாய்கிறது. அப்போது தெற்குப் பால்கனிக்குள் வெயில் தாராளமாக வரும். ஆக நம் நாட்டில் தெற்கு என்பது மார்கழி, தை வெயிலுக்கான திசை. ஆண்டு முழுவதும் கூரைக்கு அடியில் நுழையும் வெயில் கிழக்கிலும் மேற்கிலும்தான். கிழக்குக் காலை வெயில் பெரும்பாலான செடிகளுக்கு இதம். மேற்கு வெயில் மதுரையில் சுவரையே சுட வைக்கும். பள்ளிவாசலிலோ பிற்பகலில் பல நாள் மேகம் ஏறிவிடுவதால், அதே மேற்குத் திசைக்கு வெயில் கொஞ்சம்தான் மிஞ்சும்.

நம் கண்ணும் இதில் ஏமாற்றும். திறந்த வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ், வெளிச்சமான நிழல் 10,000 அளவில், அறைக்குள் சில நூறு. கண்மணி விரிந்து சுருங்கி இவற்றையெல்லாம் ஒரே மாதிரி காட்டிவிடும். பால்கனி 'நல்ல வெளிச்சமாகத்தான்' இருக்கிறது என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். அந்த வெளிச்சம் மணிபிளான்டுக்குப் போதும், தக்காளிக்குப் போதாது.

மழையும் அப்படித்தான். மூணாறுப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை. அதே தேவிகுளம் தாலுகாவில், மலைக்கு அந்தப்புறம் மழை மறைவில் இருக்கும் சின்னாறில் சுமார் 500 மில்லிமீட்டர்தான். ஒரு தாலுகாவுக்கே ஒரு பட்டியல் பொருந்தாது. பொள்ளாச்சிப் பக்கம் கட்டி கட்டியாகச் செய்து அனுப்பும் தென்னைநார்க் கழிவு, சென்னை மாடியில் அருமையான ஊடகம். எடை குறைவு, தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்தக் குணமே பள்ளிவாசல் ஆடியில் வேருக்கு எமன். வாரக்கணக்கில் காயாத தொட்டியில் வேர் மூச்சுவிட முடியாது. அங்கே மணலும் சரளையும் கூடுதலாகச் சேர்த்து, கூரைக்கு அடியில் உள்தள்ளி வைப்பதுதான் வழி.

சரி, எதை நம்பித் தேர்ந்தெடுப்பது? தோட்டத் தொழிலாளர்களின் லயங்களில் இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு சின்ன வராந்தா. அதன் ஓரத்தில் பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், உரச்சாக்கு ஆகியவற்றில் ஜெரேனியம், டேலியா, பெகோனியா, புதினா. கூரை மேல் மேரக்காய்க் கொடி. வேலியில் தாட்பூட், மரத்தக்காளி. இவற்றில் பெரும்பாலானவை விலை கொடுத்து வாங்கியவை அல்ல. "அக்கா, இதுல ஒரு கொப்பு ஒடிச்சுத் தாங்க" என்று கேட்டு வாங்கியவை. கடையில் கிடைக்காத ஒரு தகவல் அந்தக் கொப்பில் இருக்கிறது. அதே மழை, அதே குளிர், அதே திசையில் அந்தச் செடி ஏற்கெனவே சில ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறது. எந்த மாதம் பூக்கும், எப்போது அழுகும், எப்போது வெட்டிவிட வேண்டும் என்பதெல்லாம் கொடுத்த அக்காவுக்குத் தெரியும்.

அடுக்குமாடிக்கு இந்த முறை லயத்தைவிடவும் பொருந்தும் என்பது என் எண்ணம். பள்ளிவாசலை அடுத்த அடிமாலியில், வீடும் நிலமும் இல்லாதவர்களுக்காகக் கேரள அரசின் லைஃப் திட்டத்தில் 217 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வந்திருக்கிறது. மலைக்கும் மாடி வாழ்க்கை வந்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டடங்களில் ஒரே வரிசையில் மேலும் கீழுமாக இருக்கும் வீடுகளுக்குத் திசை ஒன்று, கூரையின் நீளம் ஒன்று, காற்றும் ஏறக்குறைய ஒன்று. கீழ்வீட்டில் நன்றாக இருக்கும் செடி மேல்வீட்டில் இருக்க வாய்ப்பு மிக அதிகம். சென்னை அண்ணாநகரிலும் மதுரைக் காளவாசலிலும் இதே கணக்குதான்.

ஆனால் கொப்பு முறைக்கும் குறைகள் உண்டு, சிறியவை அல்ல. மாவுப்பூச்சியும் வேரழுகலும் கொப்போடும் மண்ணோடும் சேர்ந்தே வரும். எல்லார் வாசலிலும் அதே ஐந்தாறு செடிகள்தான் என்றாகிவிடும். அதைவிட முக்கியம், கொப்பு வைத்தவுடன் பிடித்துக்கொள்ளும் செடி எல்லாமே நல்ல செடி அல்ல. எளிதாக வேர்விடும் குணம்தான் களைக்கும் அடையாளம். மஞ்சள் பூவோடு தொட்டியில் தொங்கும் வெடேலியா, கேரளத்தின் ஓடைக்கரைகளை இப்போது மூடிக்கிடக்கிறது. உண்ணிச்செடி தோட்ட அழகுக்காக வந்துதான் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் நுழைந்தது. காட்டின் விளிம்பில் இருக்கும் ஊரில் பால்கனியிலிருந்து வெட்டி எறியும் தண்டு நேராகக் காட்டுக்குப் போகிறது. தரைவீடுகளில் இன்னொரு சங்கடம். வாழையும் காய்கறியும் வாசலில் இருந்தால் யானை வரும். 'படையப்பா' என்று மூணாறே பெயர் வைத்த கொம்பன் எத்தனையோ லயத்து வாசல்களைப் பார்த்திருக்கிறது.

இரண்டு விஷயங்களில் எந்தச் சமரசமும் கூடாது. முதலாவது எடை. ஒரு அடி விட்டத் தொட்டி ஈரமண்ணோடு 25 கிலோ வரை வரும். ஒரு சதுர மீட்டரில் ஒன்பது வைத்தால் 225 கிலோ. இந்தியத் தரநிலை வீட்டு பால்கனிக்குக் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ. அதில் மனிதர்களும் நிற்க வேண்டும். கனத்த தொட்டிகள் சுவரை ஒட்டி உள்பக்கம்தான் இருக்க வேண்டும், கைப்பிடிச் சுவர் மேல் ஒன்றுகூட வேண்டாம். இரண்டாவது, தொட்டியின் அடித்தட்டு. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்க்க முடியாதவர் தட்டு வைக்கக் கூடாது.

என் தீர்ப்பு இது. பால்கனிக்குச் செடி வாங்குவதில் நர்சரி கடைசிப் படியாக இருக்க வேண்டும். முதலில் நம் பால்கனியில் காலை, நண்பகல், மாலை எங்கே வெயில் விழுகிறது என்று ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு அதே வரிசையில் இருக்கும் வீடுகளின் கதவைத் தட்டுங்கள். அங்கே செழிப்பாக இருப்பதில் உங்களுக்குப் பிடித்தது எது என்று பார்த்து, பூச்சி இல்லாத ஒரு கொப்பைக் கேட்டு வாங்கி, வீட்டில் தனியாக இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு மற்றத் தொட்டிகளோடு சேருங்கள். மலைச்சாலை நர்சரிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். செடியின் பெயரும் விலையும் எழுதிய சீட்டில், 'இது மலைக்கு மட்டும்' என்றோ 'சமவெளியிலும் வளரும்' என்றோ ஒரு வரி சேர்த்து எழுதிக் கட்டுங்கள். எது எங்கே பிழைக்கும் என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும்.