நெற்றிப்பட்டமாக ஒரு சிப்

என் கடனட்டையில் ஒரு யானை நிற்கிறது. கண்டியின் எசல பெரஹரா ஊர்வலத்தில் கால்வரை தொங்கும் துணி போர்த்திக்கொண்டு வருமே, அந்தக் கொம்பன். உடம்பையும் தந்தத்தையும் துணியின் பூவேலையையும் நான் வரைந்தேன். நெற்றிப்பட்டத்தை மட்டும் வரையவில்லை. வங்கி அனுப்பிய அட்டையிலேயே தங்கநிறத்தில் மின்னிக்கொண்டிருந்த சிப், அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அட்டையைக் கொஞ்சம் சாய்த்தால் பந்த வெளிச்சம் பட்டதுபோல யானையின் நெற்றி பளிச்சிடும். எத்தனை முறை சாய்த்துப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

யோசனை என்னுடையதல்ல. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடைதூரத்தில், ஒரு சந்துக்குள் ஸ்டிக்கர் கடை இருக்கிறது. முச்சக்கரவண்டியின் பின்கண்ணாடிக்குப் பிள்ளைகளின் பெயரும், பஸ்ஸின் நெற்றிக்குச் சாமி பெயரும் வெட்டிக் கொடுக்கிற கடை. அட்டைக்கு மேல் ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர் வேண்டும் என்று ஒரு மலைக்காட்சியை வரைந்து கொண்டுபோனேன். சிப் விழுகிற இடத்தில் ஒரு மேகத்தை வைத்து அதை மறைக்கப் பார்த்திருந்தேன். கடையில் வேலை செய்யும் தம்பி படத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே, சிப்ப மறைக்க ஏலாது. மறைச்சா மெஷின் எடுக்காது. மறைக்க ஏலாதத படத்துக்குள்ள எடுத்துக்கங்க.”

இந்தக் கலையைப் பற்றி நான் கேட்ட முதல் பாடமும் முக்கியமான பாடமும் அதுதான். அன்றிரவே மலையைத் தூக்கிப்போட்டுவிட்டு யானையை வரைய உட்கார்ந்தேன்.

உலகத்தில் எந்த வங்கி கொடுத்தாலும் அட்டையின் அளவு ஒன்றுதான். நீளம் 85.60 மில்லிமீட்டர், அகலம் 53.98, தடிப்பு 0.76. ஐஎஸ்ஓ 7810 என்ற தரம் அதை அப்படிக் கட்டிவைத்திருக்கிறது. மூலைகளின் வளைவுகூட நம் விருப்பமில்லை. முன்பக்கத்தில் சிப்பின் இடம் மாறாது. பின்பக்கத்தில் காந்தப் பட்டை இருந்தால் அதைத் தொடக்கூடாது. அட்டைக்குள்ளே, பெரும்பாலும் ஓரத்தை ஒட்டி, செம்புக் கம்பிச்சுற்று ஒன்று ஓடுகிறது. இயந்திரத்தின்மேல் தட்டிக் காசு கட்டுவதற்கு அதுதான் உயிர். அழகுக்காக ஓரத்தில் ஒரு துளை போட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். எல்லாவற்றையும் கழித்தால் நமக்கு மிஞ்சுவது ஒரு தீப்பெட்டிப் படத்தைவிடக் கொஞ்சம் பெரிய நிலம். அதற்குள்தான் ஆட வேண்டும்.

நெருக்கமான இடத்தில் ஆடிய கைகள் கண்டிக்குப் புதிதல்ல. எம்பக்கே தேவாலயத்தின் மேள மண்டபத்துக்கு ஒரு காலை வேளையில் போய்ப் பாருங்கள். மரத்தூண்களின் சதுரங்களுக்குள் பின்னிக்கொண்ட அன்னங்கள், இருதலைப் பறவை, மல்லர், கொடியிலிருந்து புறப்படும் பெண், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். ஒவ்வொன்றும் தன் சட்டத்துக்கு ஏற்பத்தான் உடம்பை வளைத்திருக்கிறது. இரண்டு அன்னங்களின் கழுத்துகள் பின்னிக்கொள்வதற்குச் சதுரத்தின் நெருக்கமே காரணமோ என்று தோன்றும். இடம் தாராளமாக இருந்திருந்தால் அவை ஆளுக்கொரு பக்கம் போயிருக்கும். சிப்பை ஒரு தொல்லையாகப் பார்ப்பவன் அதைச் சுற்றி ஒதுங்குவான். சட்டமாகப் பார்ப்பவனுக்கு அது ஒரு நெற்றிப்பட்டமாகிவிடுகிறது.

இந்த அளவுகோலில் பார்த்தால், வங்கிகளே படம் அச்சிட்டுக் கொடுக்கும் அட்டைகள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இந்தியாவில் சில வங்கிகள் நாம் கொடுக்கும் புகைப்படத்தையே அட்டையில் போட்டுத் தருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கல்யாணப் படத்தை அப்படியே அனுப்புகிறார்கள். சிப் போய் மாப்பிள்ளையின் கன்னத்தில் உட்காருகிறது, வங்கியின் பெயர் மணமகளின் தலைக்கு மேல் ஓடுகிறது. ஒட்டியிருக்கிறது, சேரவில்லை. அட்டையை அறிந்து எடுத்த படம் வேறு. சிப்பை ஜன்னலாக்கிக் குழந்தை அதற்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல ஒருவர் செய்திருந்ததை ஒரு நண்பரின் பணப்பையில் பார்த்தேன். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

யானை ஸ்டிக்கர் எப்படி ஒட்டப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். படத்தை இரட்டை அளவில் காகிதத்தில் வரைந்து, ஸ்கேன் செய்து, பாதியாகச் சுருக்கி வைனல் தாளில் அச்சிட்டார்கள். மேலே மினுக்கமில்லாத ஒரு மெல்லிய உறை. வெட்டும் இயந்திரத்தின் ஊசிக்கத்தி வெளி ஓரத்தையும் சிப்புக்கான ஜன்னலையும் கீறியது. அந்த ஜன்னல் துண்டைத் தம்பி ஊசிமுனையால் உரித்து எடுத்தார். பிறகு எல்லோரும் செய்வதுபோல மூலையிலிருந்து ஒட்டாமல், ஜன்னலைச் சிப்பின்மேல் பொருத்தி அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு போனார். மூலையில் அரை மில்லிமீட்டர் பிசகினால் கண்ணுக்குத்தான் உறுத்தும். சிப்பில் பிசகினால் ஸ்டிக்கரின் விளிம்பு இயந்திரத்தின் தொடுமுனைகளுக்குக் குறுக்கே வந்துவிடும். காலாவதியான ஓர் அட்டையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு அதனால் தேய்த்துத் தேய்த்துக் காற்றை வெளியேற்றினார். முதல் தடவை வால் பக்கத்தில் ஒரு குமிழ் நின்றுவிட்டது. காசு கேட்காமல் இன்னொன்று வெட்டினார்.

அட்டை வங்கியின் சொத்து. ஆகவே உரித்தால் வந்துவிடுகிற ஸ்டிக்கர் ஒட்டலாம், அட்டையைச் சுரண்டவும் தீட்டவும் கூடாது என்பது என் கொள்கை. ஸ்டிக்கரால் தடிப்பு ஒரு மயிரிழை கூடிவிடுவதால் ஏடிஎம் இயந்திரத்துக்குள் இந்த அட்டையை விடுவதேயில்லை. அங்கே போவதற்கு ஒப்பனையில்லாத இன்னொன்று இருக்கிறது. யானை கடைவீதிக்கு மட்டும் வரும்.

இதெல்லாம் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இதே கண்டியில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல ஆசை. 1660இல் கண்டி அரசர் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்தில் கிடந்தவர் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்தவர். கடைசி ஆண்டுகளில் ஏலதெத்தவில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய புத்தகத்தில் இங்கே புழங்கிய காசுகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஒரு வகை, தூண்டில் முள்ளைப்போல வளைத்த வெள்ளிக் கம்பி. பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து வணிகத்தோடு வந்த லாரின் என்ற கம்பிக் காசு இங்கே கொக்கியாக வளைந்து, அங்குட்டு மஸ்ஸ என்று பெயர் வாங்கிக்கொண்டது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்த்தால் மீன்பிடிக்கக் கொண்டுபோகலாம் போலிருக்கும்.

நொக்ஸ் சொல்கிற ஒரு விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. அரசரின் அனுமதியோடு இந்தக் கொக்கிக் காசை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதன்மேல் தனக்குப் பிடித்த எந்த அடையாளத்தையும் பதித்துக்கொள்ளலாம். அரண்மனை முத்திரை என்று கட்டாயமில்லை. ஆனால் வெள்ளி சுத்தமாக இருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெள்ளை வெளேரென்று வந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. அதே ஊரில் பணம் என்ற சின்னஞ்சிறு நாணயமும் ஓடியது. அது அரசருக்கு மட்டுமே உரியது. வேறு எவரும் அடித்தால் உயிர் போகும்.

முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டிக்காரர் தம் காசின்மேல் தமக்குப் பிடித்ததைக் குத்திக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறார்கள். பூவா, மீனா, வீட்டுப்பெயரின் முதல் எழுத்தா, நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். மேற்பரப்பு செய்பவனுடையது, உள்ளே இருக்கும் வெள்ளி ஊருடையது. வெள்ளியை நெருப்பு சோதித்துக்கொள்ளும் என்பதால்தான் அடையாளத்தை அவனவன் விருப்பத்துக்கு விட முடிந்தது. என் அட்டையில் அந்த வெள்ளி, சிப்புக்குள் இருக்கிறது. இயந்திரம் அதைத்தான் கேள்வி கேட்கிறது. யானையைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு பொருளும் நம் மலைநாட்டுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தபோது, கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கட்டி அனுப்பினார்கள். தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அதில் குத்தியிருக்கும். வழிச்செலவெல்லாம் அந்த இலக்கத்தின் பேரில் தோட்டத்துக் கணக்கில் ஏறும். அதுவும் ஒரு கடனட்டைதான். இங்கே வந்த பிறகு, ஆளின் கடன் எவ்வளவு என்று எழுதிய “துண்டு” இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்கு மாறமுடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. நொக்ஸ் பார்த்த கொக்கியில் செய்தவனின் அடையாளம் இருந்தது. இந்தத் தகரத்தில் சுமந்தவனின் அடையாளமாக ஒரு கீறல்கூட இல்லை. வங்கி அனுப்பிய பதினாறு இலக்க அட்டையை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு அந்தத் தகரம்தான் நினைவுக்கு வந்தது. இலக்கத்துக்குப் பக்கத்தில் என் கையால் ஏதாவது இருக்கவேண்டும் என்று அப்போதே பட்டது.

ஸ்டிக்கரோடு நிற்காமல் உலோகத்துக்கும் ஆசைப்பட்டேன். பிலிமத்தலாவையில் வீதியோரமெல்லாம் பித்தளை வேலைக் கடைகள். ஒரு கைவினைஞரிடம் அட்டை அளவில் மெல்லிய பித்தளைத் தகடு கேட்டேன். தகட்டை அரக்கின்மேல் பதித்து, சிற்றுளியால் பின்னிய அன்னங்களைத் தட்டித் தட்டி எழுப்பிக் கொடுத்தார். ஓரத்தில் தாமரையிதழ் வரிசை. அன்னத்தின் கண்ணுக்கு அவர் உளியை ஒரே ஒருமுறைதான் வைத்தார். தகட்டை அட்டையின் முதுகில் வைத்து உறைக்குள் செருகி, பெருமையாகக் கடைக்குப் போய் இயந்திரத்தின்மேல் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று முறை தட்டியும் நடக்கவில்லை. தட்டும் அட்டைகள் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. இயந்திரம் அனுப்பும் காந்தப்புலத்திலிருந்துதான் அட்டையின் கம்பிச்சுற்று தனக்கு வேண்டிய மின்சாரத்தையே எடுத்துக்கொள்கிறது. முதுகில் பித்தளை நின்றால் புலம் தகட்டில் சுழன்று அழிந்துபோகும், சிப் பட்டினி கிடக்கும். அன்னங்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. வேலைப்பாட்டில் ஒரு குறையும் சொல்லமுடியாது.

விளையாட்டு அட்டைகள் இன்னொரு வகை. அவற்றில் எந்தக் காசும் இல்லை, ஆகவே எந்த எல்லையும் இல்லை. பாடசாலை விடுமுறைக்கு வரும் தங்கையின் பிள்ளைகளுக்காக வருடாவருடம் செய்கிறேன். ‘பௌர்ணமி வங்கி’ என்று பெயர். கெட்டி அட்டையை அதே அளவில் வெட்டி, மூலைகளை நகவெட்டியால் வளைத்து, தேயிலைப் பெட்டியின் தங்கத்தாளிலிருந்து சிப் நறுக்கி ஒட்டுவோம். தும்பறைப் பாயில் வருகிற மானும் பறவையும் கட்டம் கட்டமாக இருப்பதால் பிள்ளைகள் கட்டத்தாளில் எளிதாகப் போட்டுவிடுகிறார்கள். கடன் வரம்பு: நாளொன்றுக்கு மூன்று கதை. காலாவதி: பள்ளிக்கூடம் தொடங்கும் நாள். சின்னவள் தன் அட்டையை ஒரே இரவில் முழுதாகச் செலவழித்துவிட்டு, மறுநாள் கதை கேட்கும் உரிமையைப் பாட்டியிடம் கடன் வாங்கினாள்.

அந்த அட்டைகளிலும் பதினாறு இலக்கம் எழுதுவோம். ஆனால் கணக்குப் பார்த்துப் பிழையாக எழுதுவோம். ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்து 1960இல் காப்புரிமை பெற்ற கணக்கு ஒன்று எல்லா அட்டை இலக்கத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. பதினாறு இலக்கத்தில் இடமிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டியுங்கள். இரட்டித்து வருவது இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டி ஒன்றாக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் கூட்டினால் கடைசியில் பூச்சியம் வரவேண்டும். கணினிக்காரர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் 4111 1111 1111 1111ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நிற்கும் 4 எட்டாகும், அதுபோல இரட்டிக்கும் இடத்தில் நிற்கும் ஏழு ஒன்றுகள் பதினாலாகும், மிச்ச எட்டு ஒன்றுகளும் சேர்ந்தால் 30. சரி. கடைசி 1ஐ 2 ஆக்கினால் 31. பிழை. எங்கள் வங்கியில் எல்லா அட்டையும் 31தான். விளையாட்டு அட்டை நிஜ அட்டையாக ஒரு நொடிகூட நடிக்கக் கூடாது. பெரியவன் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்த ஒவ்வொரு நிஜ அட்டையையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்ல வெள்ளி மாமா” என்றான். நொக்ஸின் கதையை அவனுக்கு முதல்நாள்தான் சொல்லியிருந்தேன்.

போன மாதம் என் அட்டைக்குத் தவணை முடிந்தது. பழையதைச் சிப்போடு சேர்த்துக் குறுக்காக வெட்டிவிடுங்கள் என்று கடிதத்தில் இருந்தது. வெட்டுவதற்குமுன் யானையை மெதுவாக உரித்தெடுத்தேன். நெற்றியில் ஒரு ஓட்டையோடு அது இப்போது என் குறிப்பேட்டின் அட்டையில் ஒட்டியிருக்கிறது. புதிய அட்டையில் வங்கிக்காரர்கள் எழுத்துகளையெல்லாம் நெட்டுவாக்கில் அச்சிட்டிருக்கிறார்கள். நிமிர்த்திப் பிடித்தால் சிப் மேலே, நடுவில் வருகிறது. நீட்டிக் கிடந்த யானைக்கு இதில் இடமில்லை. நின்றுகொண்டு வருபவர் யாராவது வேண்டும். பெரஹராவில் நீண்ட கோலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பந்தக்காரரை நினைத்திருக்கிறேன். கோலின் உச்சியில் இரும்புக் கூடை, அதற்குள் கொப்பறா எரியும். கூடையின் கம்பிகளை வரைந்தாகிவிட்டது. நெருப்புக்கு உரிய இடத்தைச் சதுரமாக விட்டுவைத்திருக்கிறேன்.