மீட்டருக்குத் தெரியாத ஃபுளூரைடு

மேச்சேரி, ஓமலூர் பக்கம் போர் தண்ணீரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ‘டிடிஎஸ் எவ்வளவு?’, அதாவது கரைந்த உப்புகள் எவ்வளவு, என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விட்டால் எண் வந்துவிடும். அந்த எண்ணை வைத்தே குடிக்கலாமா, ஆர்.ஓ. வாங்கலாமா என்று முடிவெடுத்துவிடுகிறோம்.

மீட்டர் பொய் சொல்வதில்லை. காவிரித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் நொடியில் பிரித்துக் காட்டும். ஆர்.ஓ. சவ்வு பழுதானதையும், உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டையும் அளந்தால் கண்டுபிடித்துவிடலாம். சில நூறு ரூபாய்க் கருவிக்கு இது பெரிய வேலைதான்.

ஆனால் அது உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு காரணியால் பெருக்கிச் சொல்கிறது. மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். ஓர் எலக்ட்ரானை இழந்த சோடியம், ஓர் எலக்ட்ரானைப் பெற்ற ஃபுளூரின் (அதுதான் ஃபுளூரைடு) இரண்டிலும் இருப்பது 10 எலக்ட்ரான்களே. உட்கருவில் முன்னதற்கு 11 புரோட்டான், பின்னதற்கு 9. உடம்புக்குள் போனால் இரண்டும் வேறு வேறு பொருள். மீட்டருக்கு இரண்டும் மின்சுமைதான். கிருமிகளோ அதன் கணக்கிலேயே வராது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர் விதிப்படி, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் இல்லையென்றால் 2000 வரை போகலாம். ஃபுளூரைடுக்கு 1, மிஞ்சினால் 1.5. அதற்கு மேல் போனால் பல்லில் கறை, இன்னும் கூடினால் எலும்பில் பாதிப்பு. ‘400’ காட்டும் இரண்டு டம்ளரில் ஒன்றில் 0.5, மற்றதில் 3 ஃபுளூரைடு இருக்கலாம். இந்த 2.5 வித்தியாசம் மீட்டரின் சாதாரணத் தடுமாற்றத்துக்குள்ளேயே மறைந்துபோகும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. கால்சியம் நிறைந்த கடின நீரில் ஃபுளூரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரிலோ, பாறையிலிருந்து ஃபுளூரைடு தாராளமாகக் கரையும். சோப்பு நுரைக்கிற, பருப்பு வேகிற ‘நல்ல தண்ணி’யில்தான் அது கூடுதலாக இருக்க வாய்ப்பு.

ஆர்.ஓ. விற்பனைக்காரர்கள் கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டும் வித்தை வேறு. போர் தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கும், ஆர்.ஓ. நீர் தெளிவாக நிற்கும். கலங்குவது தண்ணீரின் அழுக்கு அல்ல. இரும்புக் கம்பியே கரைந்து துருவாகிறது. ஆர்.ஓ. நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள், அதுவும் கலங்கும்.

டிடிஎஸ் 500க்குக் குறைவான நீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. நீர் வீணாகக் கூடாது என்ற அக்கறை நியாயமே, அளவுகோல் போதாது. ஃபுளூரைடைப் பெருமளவு நீக்குவதும் அதே ஆர்.ஓ.தான், 400 காட்டும் கிணற்றிலும் அது தேவைப்படலாம்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைக் கொடுத்துப் பார்க்கலாம். ஊராட்சிகளுக்கான கள ஆய்வுப் பெட்டியிலும் நிறம் மாறும் ஃபுளூரைடு சோதனை இருக்கிறது. மீட்டர் எண்ணை யாராவது நீட்டினால், ஃபுளூரைடு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.